கொத்தி எத்தனை நாளாச்சு

மூன்று மாதமாக ஓர் அம்மியை வரைந்துகொண்டிருக்கிறேன். முடிந்துவிட்டதென்று இரண்டு தடவை கோப்பை மூடிவைத்தாயிற்று. கண்ணாடித் திரையின் மேல் பிளாஸ்டிக் பேனாவால் வரைகிற படம். கல் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர், மஞ்சள் கறை ஒரு லேயர், குழவி தனியாக. கருங்கல்லுக்கென்றே ஒரு பிரஷ் வைத்திருக்கிறேன். ஓர் இழுப்பு இழுத்தால் போதும், புள்ளியும் பொரியுமாகக் கல்லின் மேல்தோல் தானாக விழுந்துவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: தொட்டுப் பார்க்கணும்போல இருக்கு. தொட்டுப் பார்த்தது அத்தை மட்டும்தான். கண்புரை ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு விரலால் திரையைத் தடவினாள். படம் விரலோடு சேர்ந்து நகர்ந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு, "ஏய்யா, இந்த அம்மிய எப்பக் கொத்துனாவ?" என்று கேட்டாள். "கொத்தல அத்த, வரஞ்சது" என்றேன். "வரஞ்சது தெரியுது. கொத்தி எத்தன நாளாச்சுன்னு கேக்கேன்." எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான்தான் இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

அம்மி கொத்துகிறவரின் குரல் தெருமுனையில் கேட்டால், கூப்பிடுவதா வேண்டாமா என்று பாட்டி அம்மியின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். கண்ணால் பார்த்து முடிவு செய்ததாக நினைவில்லை. வழவழத்துப்போன கல்லில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. உளியும் சுத்தியலுமாக அவர் உட்கார்ந்துவிட்டால் வாசலில் வெகுநேரம் ஒரே சீரான சத்தம்; கல்தூள் கண்ணில் விழும், கிட்டே போகாதே என்று எங்களை விரட்டுவார்கள். உளி விழுந்த இடமெல்லாம் வெளுத்திருக்கும். நொறுங்கிய பொடிக்குள் ஒளி சிதறுவதால் வருகிற வெளுப்பு அது, கல்லின் நிறமல்ல. முதலில் தவிட்டையோ அரிசியையோ போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும்; இல்லையென்றால் துவையலில் கல் கடிக்கும். பிறகு மஞ்சளும் எண்ணெயும் ஏறி, குழிகளின் விளிம்பு மழுங்கி, வெளுப்பு போய், மெல்ல மெல்ல மறுபடி வழவழப்பு. தாடியைப் பார்த்துச் சவரம் செய்து எத்தனை நாள் என்று சொல்வதுபோல, அம்மியைப் பார்த்து அத்தையால் சொல்ல முடியும். என் படத்தில் எல்லாக் குழியும் ஒரே ஆழம், எல்லா விளிம்பும் ஒரே கூர்மை, நடுவும் ஓரமும் ஒன்று. அதன் மேல் பல வருஷத்து மஞ்சள் கறையையும் பூசியிருந்தேன். அத்தை கேட்டது குறை சொல்வதற்காக அல்ல, வெறும் விசாரிப்பு. அதுதான் உறுத்துகிறது. படத்தில் ஒரு நாள் கட்டாயம் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் நாளே போடவில்லை.

முப்பரிமாண மென்பொருள்களில் இதற்கு ஒரு ஸ்லைடர் உண்டு. பிளெண்டரில் ரஃப்னெஸ் என்ற பெயரில், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. பூஜ்யத்தில் நிறுத்தினால் கண்ணாடி, ஒன்றில் நிறுத்தினால் சுண்ணாம்புக்கட்டி. நடுவில் எங்கெங்கோ செருப்புத் தோல், மெழுகு, தேய்ந்த எவர்சில்வர் டம்ளர். டிஸ்னி ஸ்டூடியோவில் பிரென்ட் பர்லி 2012இல் வகுத்துக்கொடுத்த முறை இது. ஓவியருக்கு இயற்பியல் தெரிய வேண்டாம், கைக்குப் பழகிய சில எண்கள் போதும் என்பது அதன் நோக்கம். இன்று ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அரிவாள்மனையிலிருந்து பாட்டியின் புறங்கை வரை ஒரே கோட்டில் ஏதோ ஓர் இடம் என்று நினைத்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த எண் குழிகளைக் குறிப்பதில்லை. கண்ணால் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாத நுண்ணிய சரிவுகள் எவ்வளவு கலைந்து கிடக்கின்றன என்பதைக் குறிக்கிறது. கலைந்து கிடந்தால் வந்த ஒளி நாலா பக்கமும் போகும், பரப்பு மங்கும். ஒரே பக்கம் பார்த்திருந்தால் ஒளி ஒன்றாகத் திரும்பும், பளபளக்கும். பளபளப்பில் நாம் பார்ப்பது, பார்க்கவே முடியாத ஒன்றின் ஒழுங்கை. ஆக அம்மியில் இரண்டு சொரசொரப்பு இருக்கிறது: உளி போட்ட குழிகள், குழிக்குள்ளும் மேட்டிலும் கல்லுக்கே உள்ள மணல்தன்மை. அரைக்க அரைக்க மேடுகளின் உச்சி மட்டும் மெருகேறும். குழிக்குள் குழவி போகாது, அங்கே மங்கல்தான். ஒரே கல்லில், கடுகு கடுகளவு தூரத்தில், இரண்டு எண்கள். கொத்துகிறவர் அந்த எண்ணைத் திரும்ப ஏற்றிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவுக்குப் போகிறார்.

பளபளப்பைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பூய் துவாங் ஃபோங். ஹனோயில் பிறந்தவர். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1973இல் ஆய்வேட்டை முடித்தார். அதன் சாரம் 1975இல் கட்டுரையாக அச்சானது. அதே ஆண்டு புற்றுநோயில் இறந்துபோனார், முப்பத்துச் சொச்சம் வயது. வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஃபோங் என்பது அவருடைய சொந்தப் பெயர். அப்பா பெயரை முன்னெழுத்தில் அடக்கிவிட்டுச் சொந்தப் பெயரால் அழைக்கப்படுகிற நமக்கு இதில் விசித்திரம் தெரியாது. நியூட்டன், லாம்பர்ட் என்று குடும்பப் பெயர்களாக நிற்கிற வரிசையில் இவர் ஒருவர் மட்டும் வீட்டில் கூப்பிடுகிற பெயரோடு நிற்கிறார். ஒளியை அவர் மூன்றாகப் பிரித்தார்: எங்கும் பரவிக் கிடக்கிற வெளிச்சம், பரப்பில் பட்டுச் சிதறுகிற வெளிச்சம், கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பப்படுகிற மினுக்கு. நடுவிலிருப்பது பழைய சரக்கு. ஒளி சாய்ந்து விழ விழ வெளிச்சம் குறையும் என்று லாம்பர்ட் 1760இலேயே எழுதிவிட்டார். மூன்றாவதற்கு ஃபோங் வைத்தது இயற்பியல் விதி அல்ல, கண்ணுக்குச் சரியென்று பட்ட ஒரு கணக்கு. கோணத்தின் கோசைனை ஓர் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அடுக்கு கூடக்கூட மினுக்கு சுருங்கிப் பொட்டாகும். நிஜத்தில் மெருகேற்ற ஏற்ற மினுக்கு சுருங்குவதோடு பிரகாசமும் கூடும். அவருடைய கணக்கில் சுருங்க மட்டும் செய்யும். ஆனாலும் கண் நம்பியது. அந்தக் காலத்துக் கணினிப் படங்களில் எல்லாப் பந்தும் எல்லாத் தேநீர்க் குடுவையும் பிளாஸ்டிக் மாதிரி இருந்தன என்று குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் பித்தளைக் குடங்கள் போய்ப் பிளாஸ்டிக் குடங்கள் குழாயடியில் வரிசை கட்டிய வருஷங்களும் ஏறத்தாழ அவைதான். கணக்கும் பண்டமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

அந்தப் பிளாஸ்டிக் தோற்றத்துக்குப் பெரிய காரணம் மினுக்கின் நிறம். வாளி சிவப்பானாலும் அதன் மேல் விழும் பொட்டு வெள்ளை, அதாவது விளக்கின் நிறம். செம்பில் அப்படியில்லை, மினுக்கே செம்பு நிறத்தில் வரும். ராபர்ட் குக்கும் கென்னத் டாரன்ஸும் 1980களின் தொடக்கத்தில் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே ஜாடியைச் செம்பு நிறப் பிளாஸ்டிக்காகவும் நிஜச் செம்பாகவும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். அதைப் படித்தபோது எனக்கு நம் பேச்சுதான் ஞாபகம் வந்தது. பொன்னும் தணலும் தகதகக்கும். கழுவிய தரை பளபளக்கும்; அதைத் தகதகக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எண்ணெய் தேய்த்த தோல் மினுமினுக்கும். நிறமுள்ள மினுக்கு, நிறமில்லாத மினுக்கு, உடைந்து பரவிய மினுக்கு. யாரும் வகுப்பெடுக்காமலே இதைச் சின்னப் பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள். தொடுகைக்கும் இரட்டைக்கிளவிதான்: சொரசொர, வழவழ, கரகர, பிசுபிசு. ஒற்றைச் 'சொர'வுக்குப் பொருளில்லை, பிரித்தால் பொருள் போய்விடும் என்று பள்ளிக்கூட இலக்கணத்திலேயே படித்தோம். கல்லிலும் அப்படித்தான். ஒரு குழி வெறும் பள்ளம், அது சொரசொரப்பாகாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும், விரல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும். இது என் பிரஷ்ஷுக்கும் தெரியும், அதனால்தான் ஓயாமல் புள்ளி போடுகிறது. ஆனால் சொரசொர என்று வாய்விட்டுச் சொல்லும்போது இரண்டாவது சொரவில் குரல் ஒரு நூல் இறங்குகிறதே, அந்த இறக்கம் பிரஷ்ஷில் இல்லை.

ஷேடிங் பழகுகிற எல்லோரும் செய்கிற தப்பு, சொரசொரப்பை எங்கும் சமமாகப் போடுவது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு நானும் செய்திருக்கிறேன். வெயில் நேராக விழுகிற இடத்தில் குழி தெரியாது. வெளிச்சம் உள்ளேயும் இறங்கி நிரப்பிவிடும். முழு நிழலிலும் தெரியாது. வெளிச்சம் நிழலாக மாறுகிற விளிம்பில், ஒளி பரப்பைத் தொட்டும் தொடாமலும் சரிந்து போகிற இடத்தில்தான் ஒவ்வொரு மேடும் தன் நிழலை நீட்டும். நடுமத்தியானத்தில் ஒன்றுமில்லாமல் கிடக்கிற மண்பாதை சாயங்காலம் டயர் தடமும் ஆட்டுக்குளம்புமாக எழுந்து நிற்கும். கோவில் சுவரில் தேய்ந்துபோன கல்வெட்டைப் படிக்கிறவர்கள் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பதும் இதற்காகத்தான். நேராக அடித்தால் எழுத்து ஓடி ஒளிந்துகொள்ளும். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகச் சில்பி வரைந்த சிற்பங்களைச் சமீபத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். எனக்கு உடனே கண்ணில் பட்டது, தோள் திரும்புகிற இடத்தில் கோடு எப்படி நெருங்குகிறது, வெளிச்சத்துக்கு வந்ததும் எப்படி விலகிக்கொள்கிறது என்பதுதான். விலகிய இடத்தில் இருப்பது தாள். அந்தத் தாளையும் கல்லென்று படிக்கிறோம். அவருக்கு ஒவ்வொரு கோடும் கையின் ஓர் அசைவு, விரல் கணுவில் ஒரு வலி. எங்கே போதும் என்று கை சொல்லிவிடும். எனக்கு ஆயிரம் குழி ஓர் இழுப்பு. செலவே இல்லாத குழியை எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை.

பிழை கண்டுபிடிக்கப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது ஓவியர்களின் பழைய வழக்கம். திரையில் இரண்டு விரலால் சுழற்றினால் போதும். சுழற்றினேன். குழிகள் அத்தனையும் கொப்புளங்களாக எழும்பிவிட்டன. அம்மிக்கு அம்மை போட்டதுபோல. நேராக்கினால் மறுபடி குழி. ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. இதைப் பற்றிச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். வெறும் வட்டங்கள், மேல்பாதி வெளுத்துக் கீழ்ப்பாதி கறுத்தால் முட்டை, மாற்றினால் குழி. ஒளி மேலிருந்துதான் வருகிறது, விளக்கு ஒன்றே ஒன்றுதான் என்று மூளை யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிடுகிறது. அந்த மேல்கூட ஆகாயத்து மேல் அல்ல, தலையின் மேல். தலையைச் சாய்த்தால் சூரியனும் கூடவே சாய்கிறது. பத்து வருஷம் கழித்து வந்த இன்னோர் ஆய்வு, நேர் மேலும் அல்ல, சற்று இடப்பக்கம் என்றது. விண்டோஸ் 95இன் சாம்பல் நிறப் பொத்தான்கள் ஞாபகம் இருக்கிறதா? மேல் விளிம்பும் இடது விளிம்பும் வெள்ளை, கீழும் வலதும் கறுப்பு. அழுத்தினால் இரண்டும் இடம் மாறும், பொத்தான் உள்ளே போய்விடும். நம்மில் பலர் திரையில் முதன்முதலில் உணர்ந்த மேடு அதுதான். கீழேயிருந்து மட்டும் வெளிச்சம் வரும்படி கூண்டமைத்து அதில் கோழிக்குஞ்சுகளை வளர்த்துப் பார்த்த சோதனையும் 1970இல் நடந்திருக்கிறது. வளர்ந்த பிறகும் அவை மேலிருந்து வெளிச்சம் வருவதாகவே நடந்துகொண்டன. பாவம், அவற்றின் சூரியன் முட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டுவிட்டது. மனிதர்களுக்கு அவ்வளவு கெட்டியில்லை போலிருக்கிறது. 2004இல் வெண்டி ஆடம்ஸும் உடனிருந்தவர்களும் செய்த சோதனையில், மேடா பள்ளமா என்பதைக் கையால் தடவி அறியும்படி செய்து, அந்தத் தடவலை வேறு திசையிலிருந்து வருகிற ஒளிக்குப் பொருந்தும்படி அமைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தவர்களின் உள்ளேயிருந்த சூரியன் நகர்ந்துவிட்டது. கை சொன்னால் கண் கேட்கிறது. வழவழத்த கண்ணாடியை நாள் முழுக்கத் தடவுகிற கை கண்ணுக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம்.

எங்கள் அடுப்படியில் வெளிச்சம் மேலிருந்து வந்ததே இல்லை. ஓட்டு வீடு, கூரையில் கண்ணாடி ஓடும் கிடையாது. அம்மி பின்வாசலை ஒட்டித் தரையில் கிடந்தது. காலையில் வாசல் வழியே தரையோடு தரையாக ஊர்ந்து வருகிற வெயில். கரண்ட் போன ராத்திரியில் பக்கத்தில் கீழே வைத்த சிம்னி விளக்கு. என் ஞாபகத்திலுள்ள அம்மிக்கு வெளிச்சம் தாழ்விலிருந்துதான் விழுகிறது. அரைக்கிறவளின் முழங்கை நிழல் சுவரில் மேலே போகும், கீழே வரும். அந்த வெளிச்சத்தில் வரைந்து பார்த்தேன். பார்க்கிறவர்களுக்குக் கொப்புளம்தான் தெரியும் என்று கண்டதும், வழக்கம்போல இடது மேல் மூலையிலிருந்து ஒளியை விட்டேன். எல்லாம் குழியாயிற்று, எல்லோரும் தொட்டுப் பார்க்கணும்போல இருக்கு என்றார்கள். பாட்டியின் அடுப்படியில் விண்டோஸ் 95இன் சூரியனை ஏற்றிவைத்திருக்கிறேன். ஞாபகத்துக்கு உண்மையாக இருந்தால் குழி மேடாகும். குழி குழியாக இருக்க வேண்டுமென்றால் வீட்டையே திருப்ப வேண்டும். இதற்கு நடுவில் வழி இருக்கலாம். வாசலையும் சுவரையும் சேர்த்து வரைந்து, ஒளி வருகிற இடத்தைக் கண்ணுக்கு முதலில் காட்டிவிட்டால் மூளை தன் பிடிவாதத்தை விட்டுக்கொடுக்கலாம். செய்து பார்க்கவில்லை. அம்மியை மட்டும் தனியாக வரைய வேண்டும் என்கிற ஆசை எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்கிறேன். விற்பனைப் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்ததாக இருக்கும்.

யூட்டாவில் படித்த இன்னொருவர் ஜிம் பிளின். 1978இல் அவர் ஒரு தந்திரம் சொன்னார். பரப்பை மேடுபள்ளமாகச் செய்யவே வேண்டாம், வழவழப்பாகவே இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்கிற திசையை மட்டும் கொஞ்சம் கோணலாகச் சொன்னால் போதும். ஒளிக்கணக்கு அதை நம்பி, இல்லாத பள்ளத்துக்கு நிழல் போட்டுக் கொடுத்துவிடும். பம்ப் மேப்பிங் என்று பெயர். இன்றைய விளையாட்டுகளின் செங்கல் சுவர், பாறை, கவசம் எல்லாம் அதன் வாரிசுகள். உள்ளே நார்மல் மேப் என்று ஊதாவும் நீலமுமாக ஒரு படம் ஒளிந்திருக்கும். இந்தத் தந்திரம் பிடிபடுவது ஓரத்தில். ஆரஞ்சின் நடுவில் தோல் புள்ளிபுள்ளியாக இருக்கும், சுற்றுக்கோடு மட்டும் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். நிழலை ஏமாற்றலாம், வெளிக்கோட்டை முடியாது. என் அம்மியைப் பக்கவாட்டில் ஒரு துண்டுப் படமாக வரைந்து பார்த்தபோதுதான் இது உறைத்தது. கொத்திய குழியைப் பிரஷ் தந்துவிடும். பல பத்து வருஷம் அரைத்துத் தேய்ந்த பெரிய வளைவு, படுக்கப்போட்ட வாழையிலைபோல நடுவில் தொய்ந்திருக்குமே, அது பிரஷ்ஷில் வராது. அது மேல்தோல் அல்ல, உடம்பு. நான் அதைச் சரிநடுவில் போட்டிருந்தேன், சிமெட்ரி என்கிற பொத்தான் இருக்கிறபடியால்.

மினுக்கைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், எனக்கே அதில் தெளிவில்லை. நிழலும் நிறமும் கல்லோடு இருக்கின்றன. நான் நகர்ந்தாலும் அவை நகர்வதில்லை. மினுக்கு என்னோடு நகர்கிறது. இரண்டு பேர் அடுத்தடுத்து நின்று ஒரே அம்மியைப் பார்த்தால் குழி ஒன்று, மினுக்கு இரண்டு. படத்தில் மினுக்கை வைக்கிறபோது யாரோ ஒருவர் நின்ற இடத்தைக் குறித்துவிடுகிறோம். எண்ணெய்க் காப்பு ஏறி ஏறிக் கறுத்த மூலவரை நினைத்துப் பாருங்கள். சிதறி வருகிற வெளிச்சம் அந்தக் கல்லில் ஏறக்குறைய இல்லை. கற்பூரத் தட்டு சுற்றுகையில் மினுக்குகள் மூக்கிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து உதட்டுக்கும் ஓடுகிற ஓட்டம்தான் முகம். தட்டு நின்றால் இருட்டில் நாலு புள்ளி. ஒரு தடவை அதை வரையப்போய் அந்த நாலு புள்ளிதான் மிஞ்சியது. தஞ்சாவூர்ப் படம் செய்கிறவர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. பசையில் சுண்ணாம்புப் பொடி குழைத்து மேடு கட்டி, அதன் மேல் பொன்தாளையே ஒட்டிவிட்டார்கள். மினுக்கு, விளக்கேற்றுகிறவர் பாடு. பளபளப்பை நாம் எப்படி அறிகிறோம் என்று 2007இல் மோடோயோஷியும் மற்றவர்களும் ஒரு விடை சொன்னார்கள்: படத்தில் பெரும்பகுதி இருண்டு கொஞ்ச இடம் மட்டும் மிக வெளுத்திருந்தால், அந்த ஏற்றத்தாழ்வின் கணக்கே கண்ணுக்குப் போதும். இரண்டே வருஷத்தில் ஆண்டர்சனும் கிம்மும் மறுத்தார்கள். அதே வெளுப்புப் புள்ளிகளை இடம் மாற்றி வைத்தால் பளபளப்பு போய்விடுகிறது, அவை பரப்பில் ஒட்டிய கறையாகிவிடுகின்றன. வெள்ளையடிக்கிறவர் கையிலிருந்து தெறித்த சுண்ணாம்பு மாதிரி. ஓர் இம்மி விலகினால் ஒளி அழுக்காகிவிடுகிறது. இதைப் படித்த அன்று படத்தில் வைத்திருந்த மினுக்குகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று சுண்ணாம்பாகத்தான் இருந்தன.

ஈரமும் அங்கேதான் பிடிபடாமல் போனது. கல் நனைந்தால் கறுக்கும். துளைகளில் நீர் நிறைந்ததும் ஒளி இன்னும் உள்ளே இறங்குகிறது; வெளியே வரப் பார்த்த ஒளியில் ஒரு பங்கை நீரின் மேல்பரப்பு மறுபடி கல்லுக்கே திருப்பி அனுப்புகிறது; திரும்பத் திரும்பப் பட்டு அது கல்லிலேயே தீர்ந்துபோகிறது. அதனால் கறுப்பு. ஆனால் நீர்ப்பரப்பு கல்லைவிட வழவழப்பு, அதனால் மினுக்கு கூர்மை. கறுப்பும் பளபளப்பும் ஒன்றாகக் கூடினால் கண் அதை ஈரம் என்று படிக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கையால் வழித்துவிட்ட கொத்திய அம்மியில் மேடுகள் சீக்கிரம் காயும், குழி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நிற்கும். அந்தச் சொட்டின் மேல்தளம் குழியைப் போலக் குழியாது, ஏறக்குறைய மட்டமாக இருக்கும். ஆக நிழலால் பள்ளமாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெளிச்சம் உட்கார்ந்திருக்கும். இதை வரைந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். அப்போது டியூப்லைட்டின் கோடு திரையில் விழுந்து என் அம்மியை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தது. தலையை அசைத்தால் அதுவும் அசைந்தது. அதன் நடுவில் ஒரு மங்கல் திட்டு, உள்ளே ரேகைகள்: அத்தை தடவிப் பார்த்த விரல். தேங்காய் எண்ணெய்க் கை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் ஒவ்வொரு ரேகையும் எழுந்து நின்றது. நான் வரைந்த எதையும்விட அது நன்றாக மினுமினுத்தது. துணியால் துடைத்தேன், வேலை நடக்க வேண்டுமே.

போன வாரம் அத்தையிடம் போனில் பேசினேன். கண் எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அன்றைக்குப் பார்த்த படம் நம் வீட்டு அம்மிதான் என்றேன். பம்பு செட்டுக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா வைக்கிற கல்லாகக் கிடக்கிறதே, போன பொங்கலுக்கு வந்தபோது அதைப் போட்டோ எடுத்துவந்துதான் வரைந்தேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நம்ம அம்மியா?" என்றாள். பிறகு, "அப்ப சரிதான். மிக்ஸி வாங்குன மாசம்லா அதக் கொத்துனது. கொத்துக் கூலி குடுத்தாச்சேன்னு அம்மா ஒரு தடவ தவுடு போட்டு அரச்சா. அதுக்கப்புறம் அத யாரு தொட்டா" என்றாள். போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். குழிகளின் விளிம்பு கூர்மையாகத்தான் இருந்தது, நடுவும் ஓரமும் ஒரே ஆழம். அடிப்பக்கம் பாசி. மஞ்சள் எங்கும் இல்லை. படத்துக்குத் திரும்பி, மஞ்சள் லேயரின் பக்கத்திலிருக்கும் கண் குறியைத் தொட்டேன், கறை மறைந்தது. இன்னொரு தடவை தொட்டேன், வந்தது. கரண்ட் போய் டியூப்லைட் அணைகிற வரைக்கும் அந்தக் கண்ணை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.